பெயரன் கடன்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் மகன் மகனைப் பெயரன் என்றும், அவ்வாறே பெண்பாலைப் பெயர்த்தி என்றும் நம் முன்னோர் வழங்கினர். அச்சொற்களே நாளடைவிற் பேரன், பேத்தி எனத் திரிந்தன. பெயரைத் தாங்குதல் என்பது அப்பெயரால் அழைக்கப்படுதலோடு முடிந்துவிடுவதோ? முன்னோர் பெயரால் பிறர்க்கு நன்மை செய்தலன்றோ அதன் முழுப்பொருள்? மறைந்த பாட்டனார் நினைவாக வளைவும் மண்டபமும் எழுப்புவார் பலர். அவர் பெயரால் எளிய பெண்டிர்க்குத் தொழில் கற்பிக்கும் நிலையங்களை நிறுவுவார் சிலர். பின்னவர் செயலே சிறந்ததென்பது எம் கருத்து. ஆயினும் எத்தகைய தொழிற்பயிற்சி அப்பெயருக்குப் பெருமை தரும் என்பதனையும் ஆராய்தல் வேண்டும்.

2019 வரையில் நம் திருப்பத்தூரையும் உள்ளடக்கியிருந்த வேலூர் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மருத்துவ ஊழியராகிய ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவினின்று கப்பலேறி, யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றி, 1855இல் மறைந்தார். அவருடைய பெயர்த்தியே 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்த இடா ஸ்கடர் அம்மையார். ஆண் மருத்துவர் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கப் பல வீட்டார் இசையாத காலம் அது. 1900இல் வேலூரிற் பணிதொடங்கிய அம்மையார், தம் இரு கைகளை மட்டும் நம்பியிருந்தாரல்லர். 1903இல் கம்பவுண்டர்களுக்கும், 1909இல் செவிலியர்க்கும் பயிற்சி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இவற்றை அவர் பாட்டனாரின் நினைவுச் சின்னமாக எழுப்பினார் என்று யாம் கூறவரவில்லை. ஆயினும், நோயாளிக்கு மருந்து கொடுத்ததோடு நில்லாது, அம்மருந்தைக் கொடுக்கும் திறத்தையே பிற பெண்களின் கையில் வைத்தாரே, அதனினும் சிறந்த நினைவு ஒரு பாட்டனார்க்கு வேறென்ன வேண்டும்?

பெண்ணின் கையில் தொழில் இருப்பின் விளைவது யாது என்பதற்கு நாஞ்சில் நாடும் சான்று பகரும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாகர்கோவிலில் மிஷனரியாயிருந்த சார்லஸ் மால்ட்டு ஐயரின் மனைவியார் தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர்களுட் சிலர் அடிமைகளாயிருந்த குடும்பங்களிற் பிறந்தவர்கள். லேஸ் விற்ற ஊதியத்தைச் சேர்த்து அவர்களிற் சிலர் தம்மைத் தாமே விலைகொடுத்து மீட்டுக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். திருவிதாங்கூரில் அடிமை முறையை நீக்கும் அரச ஆணை பிறந்தது 1855இலேயே. அதற்கு முன்னரே ஊசியும் நூலும் சில பெண்களுக்கு விடுதலை தந்தன. மால்ட்டு தம்பதியரின் மகளாரும் கால்டுவெல் ஐயரின் மனைவியாருமாகிய எலைசா அம்மையார் அத்தொழிலைப் பின்னர் இடையன்குடியிற் பரப்பினார்.

இனி, நம் நாட்டுப்புறத்தை நோக்குவோம். ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரை ஊர்களில் முன்னாளில் ஆவாரம்பட்டை கொண்டு தோலைப் பதனிட்டு, அதனை அப்படியே கப்பலேற்றினர். பதனிட்ட தோலாகவன்றிப் பொருளாகச் செய்தே அனுப்புதல் வேண்டும் என 1970களில் அரசினர் வற்புறுத்தவே, காலணித் தொழிற்சாலைகள் பெருகின. தையற் பிரிவுகளிற் கிராமத்துப் பெண்கள் திரளாகச் சேர்ந்தனர். தொழிற்சாலைக்குச் செல்ல இயலாத பலர், காலணியின் மேற்பாகமாகிய ‘அப்பரை’ வீட்டுத் திண்ணையிலேயே கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு எனக் கூலி பெறுகின்றனர்.

ஆம்பூருக்கு அணித்தானதொரு சிற்றூரில் அவ்வாறு தைத்துக்கொண்டிருந்த கைம்பெண் ஒருவரிடம், “அக்கா, இந்தக் காலணி முழுவதும் தைக்க உங்களுக்குத் தெரியுமா?” என்று வினவினோம். “முழு ஷூவை நான் கையிலே வாங்கிப் பார்த்ததே இல்லை, கண்ணு. இந்த ஒரு தையல்தான் தெரியும்” என்று அவர் நகைத்துக்கொண்டே விடையிறுத்தார். அந்நகை எம்மை வருத்திற்று. அவருக்குத் தொழில் இல்லையென்று கூற முடியாது. ஆனால், தொழிலில் ஒரு துண்டே அவர் கையில் உள்ளது. துண்டை மட்டும் அறிந்தவர் விலைபேச வல்லரோ?

நினைவு நிலையங்களிற் பலவும் இக்குறையை நீக்காமல் வேறொரு வகையில் வளர்க்கின்றன. மூன்று திங்கள் தையல் கற்பித்து, ஒரு சான்றிதழும் ஒரு தையல் இயந்திரமும் அளித்து, படம் எடுத்துக்கொண்டு விடைகொடுக்கின்றனர். ஊரெல்லாம் இரவிக்கை தைப்பவரானால், தைக்கக் கொடுப்பவர் யாவர்? சில திங்களில் இயந்திரம் மூலையிற் கிடக்கும். பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கும்.

ஆதலின், யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தொழிலை முழுமையாகக் கற்பித்தல். தோலின் தரம் அறிதல், வெட்டுதல், ஓரத்தைச் சீவி மெல்லிதாக்குதல், தைத்தல், அடிப்பாகம் பொருத்துதல் ஆகிய அனைத்தையும் ஒரு பெண் அறிந்தால், ஒன்று இல்லாவிடத்து மற்றொன்றால் பிழைப்பாள், மேற்பார்வையாளராகவும் உயர்வாள். இரண்டாவது, கணக்கும் உரிமையும் கற்பித்தல். தைத்த ஜோடிகளை எழுதிவைக்கவும், வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. ஆகியவை யாவை என்று கேட்கவும், கூலியைத் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற் பெறவும் அவள் அறிதல் வேண்டும். மூன்றாவது, கற்கும் காலத்தில் உதவித்தொகையும் குழந்தைகளுக்கு ஒரு காப்பிடமும் அளித்தல். அன்றாடம் பீடி சுற்றி அடுப்பெரிப்பவள் கூலியை விட்டு எங்ஙனம் கற்க வருவாள்?

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுமே, நூறு பேருக்கு இயந்திரம் கொடுக்கும் பணத்தில் இருபது பேரே கற்பர் என்பார் உளர். உண்மையே. ஆயினும், நூறு சான்றிதழினும் நிலையாகப் பிழைக்கும் இருபது குடும்பங்கள் மேலானவை அல்லவோ? பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து, எத்தனை பேர் தொழில் செய்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதே நிலையத்தின் உண்மையான கணக்கு.

துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பஞ்சினை, மலைமேல் தவழும் முகிலுக்கு நற்றிணையிற் கபிலர் உவமை கூறினார். அவர்தம் உழைப்பின் அழகைக் கண்ட தமிழ் நெஞ்சம் அதன் விலையையும் காணல் வேண்டும். திருமறையிலும், பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடும் சீமோன் வீட்டிலே தங்கினார். அதே பட்டணத்தில்தான் கைம்பெண்களுக்கு ஆடை தைத்தளித்த தொற்காள் வாழ்ந்தாள். அவள் இறந்தபோது அக்கைம்பெண்கள் அவ்வாடைகளைக் காட்டி அழுதனர். தோலும் ஊசியும் ஒருங்கே விளங்கும் நம் ஊர்களும் யோப்பாவை ஒத்தனவே. தொற்காள் அளித்த ஆடை நன்று. அவள் ஊசியையே கைம்பெண்கள் கையில் அளிப்பது அதனினும் நன்று. பாட்டனார் பெயரைத் தாங்கும் பெயரரும் பெயர்த்தியரும் அவ்வூசியை அளிக்க இறைவன் அருள்புரிவாராக.