பூட்டு யாருக்கு, சாவி யாரிடம்?

ரயில்வே குடியிருப்புகளும் சிறு தொழிற்கூடங்களும் வாடகை வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதி ஹைதராபாத்தின் மல்காஜ்கிரி. அதன் பெயரால் அமைந்த மக்களவைத் தொகுதி நாட்டிலேயே மிக அதிக வாக்காளர்களைக் கொண்டது. 2019 தேர்தலிலேயே அங்கு 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். இத்தகைய உழைப்பாளர் பகுதிகளில், நாட்டின் பிற நகரங்களைப் போலவே, ஒரு தலைமுறை இளைஞர்கள் வீடியோ விளையாட்டுகளை அறிந்தது மணிக்கணக்கில் காசு வாங்கும் இணைய மையங்களில்தான். அங்கு ஓடியவற்றில் நகல்களே மிகுதி. இதில் வியப்பில்லை. பெரிய நிறுவனமொன்றின் புதிய விளையாட்டு இன்று 3,000 முதல் 5,000 ரூபாய் வரை விற்கப்படுகிறது. ஓர் உடலுழைப்பாளிக்கு அது பல நாள் கூலி.

இந்த நகல்களுக்கு 'மென்பொருள் திருட்டு' என்று பெயர். அதைத் தடுப்பதாகக் கூறி விளையாட்டு நிறுவனங்கள் நாற்பது ஆண்டுகளாகப் பூட்டின் மேல் பூட்டாகப் போட்டு வருகின்றன. அப்பூட்டுகள் யாரைக் கட்டுப்படுத்தின, யாரைக் காத்தன என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

நாற்பதாண்டுப் பூட்டுகள்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த விளையாட்டுக் கருவியில் ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியது. நிறுவனத்தின் ஒப்புதல் பெறாத பேழை எதுவும் அக்கருவியில் ஓடாது. அது நகல்களை மட்டும் தடுக்கவில்லை. அந்தக் கருவிக்கு விளையாட்டு உருவாக்க விரும்பிய ஒவ்வொருவரும் நின்டெண்டோவின் நிபந்தனைகளை ஏற்று, கட்டணம் செலுத்தியாக வேண்டிய நிலையையும் உண்டாக்கியது. ஆக, தொடக்க காலத்திலேயே பூட்டு என்பது சந்தையின் வாயிலில் அமர்ந்து சுங்கம் வசூலிக்கும் ஏற்பாடாகவும் இருந்தது.

கணினிகளுக்கான விளையாட்டுகளில் வேறு வழிகள் கையாளப்பட்டன. கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன சொல் எது என்று விளையாட்டு கேட்கும். சரியாகச் சொன்னால்தான் தொடரும். ஒளிநகல் எந்திரம் அந்தப் பூட்டை எளிதில் வென்றது. 2008இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்போர்' என்ற விளையாட்டை மூன்று முறை மட்டுமே கணினியில் பதிவு செய்ய முடியும் என்று வரம்பு விதித்தது. காசு கொடுத்தவர்கள் கொதித்தெழுந்தனர். அந்த ஆண்டில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட விளையாட்டுகளுள் ஒன்றாக அதுவே ஆனது. 2010இல் பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம், விளையாடும் நேரம் முழுவதும் இணைய இணைப்பு இருந்தே தீர வேண்டும் என்றது. அவ்வாண்டு மார்ச் மாதம் அதன் சர்வர்கள் முடங்கியபோது, விலை கொடுத்து வாங்கியவர்கள் விளையாட முடியாமல் தவித்தனர். பூட்டு நீக்கப்பட்ட நகலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது பெரிதும் பேசப்படும் பூட்டு, ஆஸ்திரியாவில் உருவான 'டெனுவோ'. அது விளையாட்டின் உரிமத்தை வாங்கியவரின் கணினியோடு பிணைத்து, நிரலை எளிதில் பிரித்தறிய முடியாதபடி சிக்கலாக்குகிறது. அதுவும் உடைபடக்கூடியதே. முதல் சில வாரங்கள் தாக்குப்பிடித்தால் போதும் என்பதே நிறுவனங்களின் கணக்கு. புதிய விளையாட்டின் வருவாயில் பெரும்பகுதி அந்த நாட்களில் குவிந்துவிடும். சில மாதங்களுக்குப் பின் நிறுவனங்களே அந்தப் பூட்டைக் கழற்றிவிடுவதும் உண்டு.

விற்பனையா, வாடகையா?

பூட்டின் அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. விளையாட்டின் ஒரு பகுதியை வாங்குபவரிடமே தராமல் நிறுவனத்தின் சர்வரில் வைத்துக்கொண்டால், நகலெடுக்க முழுமையான பொருளே கையில் கிடைக்காது. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு அப்படிப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுவனம் நிறுத்தியது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கையில் இருந்தது ஒரே நாளில் பயனற்றுப் போனது. இதையடுத்து எழுந்த இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. விற்பது பொருளையா, வெறும் உரிமத்தையா என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது.

பொருளை விற்று லாபம் ஈட்டிய மூலதனம், விற்ற பொருளைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு நிரந்தர வாடகை பெறும் நிலைக்கு நகர்ந்திருப்பதையே இது காட்டுகிறது.

சட்டமும் நெருக்கடியும்

1842இல் இளைஞர் மார்க்ஸ் ரைன்லாந்தின் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதினார். காட்டில் உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்குரிமை. அதைத் திருட்டு என்று சட்டம் அறிவித்ததன் வழியே அரசு காட்டு உடைமையாளரின் கையாளாகிறது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். எதைத் திருட்டு என்று அழைப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற அக்கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, முறைப்படி பெற்ற மென்பொருளுக்குப் பாதுகாப்புப் படி எடுத்துவைக்கும் உரிமையை அளிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு, பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் உரிமை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே அது குற்றம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டமோ பெரும்பாலும் நோக்கத்தைப் பாராமல் உடைப்பதையே தடை செய்கிறது. விதிவிலக்குகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை மன்றாடிப் பெற வேண்டும். அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் தன் 'சிறப்பு 301' அறிக்கைகளில் இந்தியாவைத் தொடர்ந்து முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து நெருக்குகிறது. வர்த்தக ஒப்பந்தப் பேச்சுகளின் மறைவில் 65-ஏ பிரிவின் இந்தச் சிறு பாதுகாப்பு பறிபோகாமல் காப்பது நம் கடமை.

படைத்தவருக்கு என்ன பங்கு?

நகலெடுப்பதால் யாருக்கும் இழப்பில்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம் 2013இல் தன் விளையாட்டின் நகலொன்றைத் தானே இணையத்தில் கசியவிட்டது. முதல் நாளில் விளையாடியவர்களில் 93 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அந்த நகலையே பயன்படுத்தினர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து உருவாக்கும் படைப்புக்கு இது கடுமையான அடி. அவர்களது உழைப்புக்கு உரிய விலை கிடைக்க வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு இரு கருத்து இருக்க முடியாது.

ஆனால் பெருநிறுவனங்கள் படைப்பாளியின் பெயரால் பேசும்போது கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, பணியாளர் படைத்தவற்றுக்கு முதல் உரிமையாளர் முதலாளியே. ஹைதராபாத்திலோ புனேயிலோ பாத்திரங்களை வரைந்த ஓவியருக்கும் நிரல் எழுதிய இளைஞருக்கும் விற்பனையில் பங்கு கேட்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. 1998 முதல் ஹைதராபாத்தில் மென்பொருள் மையம் நடத்திவரும் மைக்ரோசாஃப்ட், 2023 அக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை வாங்கியது. மூன்றே மாதங்களில் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேரை வெளியேற்றியது. அவர்களது வேலையைப் பறித்தது நகலெடுத்தவன் அல்லன்.

அமெரிக்காவில் விளையாட்டுத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு வருகின்றனர். மைக்ரோசாஃப்டின் ஜெனிமேக்ஸ் பிரிவில் சங்கம் 2023இல் உருவாயிற்று. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையிலும் அந்தப் பணி முன்னெடுக்கப்பட வேண்டும். விற்பனையை நிறுத்திச் சர்வரை மூடும் நிறுவனம், விளையாட்டைத் தொடர்ந்து இயக்கும் வழியை வாங்கியவர்களுக்குத் தந்தாக வேண்டும் எனச் சட்டம் கோர வேண்டும். பொது நூலகங்கள் விளையாட்டுகளையும் சேகரித்துப் பாதுகாக்க அனுமதி வேண்டும். கேரளத்தின் அரசுப் பள்ளிகளும் ஹைதராபாத்தின் 'ஸ்வேச்சா' அமைப்பும் வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அரசு ஆதரவு தேவை.

மல்காஜ்கிரி இளைஞனைத் திருடன் என்று ஏசுவதாலும், அவன் செய்வதைப் புரட்சி என்று புகழ்வதாலும் பயனில்லை. அவனுக்கு எட்டும் விலையும், வாங்கியதை வைத்துக்கொள்ளும் உரிமையும், நாளை அவனே இத்துறையில் வேலைக்குச் சேர்ந்தால் தன் உழைப்பின் பங்கைக் கேட்டுப் பெறச் சங்கமும் வேண்டும். நம் போராட்டம் அவற்றுக்கானதாக இருக்கட்டும்.