250 என்பது ஒரு வாக்குறுதி

மின்னஞ்சல் வழங்கிக்கு எந்தக் கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் விருப்பம், மிஞ்சிப்போனால் அது வேகத்தைப் பற்றிய கேள்வி என்றொரு கருத்து கணினி நிர்வாகிகளிடையே வேரூன்றியிருக்கிறது. இக்கருத்து தவறானது. அதன் விலையை அதைச் சொல்பவர்கள் ஒருபோதும் கொடுப்பதில்லை என்பதால் அது பொறுப்பற்றதும் ஆகும்.

அனுப்பும் வழங்கி ஒரு மடலின் முழு உள்ளடக்கத்தையும் கொடுத்து முடித்தபின், பெறும் வழங்கி '250' என்று விடையளிக்கிறது. பலர் இதை வெறும் தகவலாகவே வாசிக்கின்றனர். ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய, 1962இல் நூலாக வெளிவந்த உரைகளில், எதையும் விவரிக்காமல் சொல்லும்போதே ஒரு செயலை நிகழ்த்திவிடும் கூற்றுகளை இனங்காட்டினார். 'வாக்களிக்கிறேன்' என்பது அத்தகைய கூற்று. 250 என்பதும் அத்தகையதே. 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 இதனை ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கிறது. 250 சொன்ன வழங்கி, மடலைச் சேர்ப்பிக்கும் பொறுப்பை, இயலாதபோது அதனை அனுப்பியவருக்கு அறிவிக்கும் பொறுப்பை ஏற்கிறது. பின்னர் கணினி நின்றுபோனது என்பது போன்ற அற்பக் காரணத்துக்காக மடலை இழக்க அதற்கு உரிமையில்லை. 250 கிடைத்தவுடன் அனுப்பிய வழங்கி தன்னிடமுள்ள படியை அழித்துவிடுகிறது. அதன்பின் அம்மடல் இருக்கும் ஒரே இடம் பெற்றவரின் அஞ்சல் வரிசை.

அவ்வரிசை என்பது வட்டில் உள்ள சில அடைவுகளும் அவற்றிலுள்ள சிறுசிறு கோப்புகளுமே. ஒரு நிரல் 'எழுது' என்றதும் கெர்னல் 'எழுதியாயிற்று' என்கிறது. உண்மையில் எழுதியது நினைவகத்தில்தான். வட்டில் பதிய எஃப்சிங்க் என்னும் அழைப்பு தேவை. அதுவும் கோப்பின் உள்ளடக்கத்துக்கே உறுதி தரும். அக்கோப்பின் பெயர் அடைவில் பதிந்துவிட்டது என்பதற்கு அது உறுதியன்று. அடைவையும் தனியே எஃப்சிங்க் செய்யவேண்டும் என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் மடல்கள் தொலைகின்றன.

1998இல் வெளிவந்த கியூமெயில் 1.03 இவ்வெளியை அறிந்தே வடிவமைக்கப்பட்டது. அடைவுச் செயல்கள் உடனுக்குடன் வட்டில் பதியும் என்னும் நிபந்தனையின் பேரிலேயே தன் வரிசை எந்த விபத்திலும் குலையாது என்று அது கூறியது. பெர்க்லியின் பழைய எஃப்எஃப்எஸ் அந்நிபந்தனையை நிறைவேற்றியது. லினக்ஸின் எக்ஸ்ட்2 இயல்பான அமைப்பில் நிறைவேற்றவில்லை. நிரல் ஒன்றே, வட்டு ஒன்றே. ஆயினும் ஒன்றில் வாக்குறுதி நின்றது, மற்றொன்றில் மின்சாரம் போன நொடியில் மடல் பெயரிழந்து போகக்கூடும். அந்நிரலின் வரிசையில் கோப்பின் பெயரே அதன் ஐநோட் எண். வரிசையை வேறொரு வட்டுக்கு நகலெடுத்தால் எண்கள் மாறிவிடும். திருத்தாமல் அவ்வரிசை இயங்காது. போஸ்ட்ஃபிக்ஸும் கோப்பின் பெயரில் ஐநோட் எண்ணைச் சேர்க்கிறது. ஆனால் தொடங்கும்போதே பொருந்தாத பெயர்களைத் தானே மாற்றிக்கொள்கிறது. கோப்பு முறைமை வெறும் பெட்டி என்று சொல்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்?

2001இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3 ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தது. அதன் இயல்பான முறையில் ஒரு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால், அதே பகிர்வில் தேங்கிநிற்கும் பிற கோப்புகளின் தரவும் உடன் எழுதப்பட வேண்டியிருந்தது. பதிவேடுகளும் அஞ்சல் வரிசையும் ஒரே பகிர்வில் இருந்தால், ஒவ்வொரு மடலும் பதிவேடுகளின் சுமையையும் சுமந்தது. இந்நெரிசலைக் கண்டு நிரலைக் குறைசொன்னவர்கள் ஏராளம். வரிசைக்குத் தனிப் பகிர்வு ஒதுக்கியவர்கள் சிலரே. எக்ஸ்ட்4 பரவிய 2009இல் மற்றொரு பாடம் கிடைத்தது. எஃப்சிங்க் கேளாமல் கோப்பை மாற்றியெழுதிய நிரல்கள், கணினி திடீரென நின்றபின் வெற்றுக் கோப்புகளைக் கண்டன. எக்ஸ்ட்3இன் பழக்கத்தை அந்நிரல்கள் விதியென்று எண்ணியிருந்தன. வழக்குக்கும் இலக்கணத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததன் விளைவு அது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. எஃப்சிங்க் விலையுயர்ந்தது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 முறையே சுழலும்; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. ஒன்றன்பின் ஒன்றாக உறுதிசெய்தால் நொடிக்குச் சில பத்து மடல்களே தேறும். இதற்கு நேர்மையான தீர்வுகள் இருக்கின்றன: ஒரே நேரத்தில் பல மடல்களைப் பெற்று ஒரே பதிவில் உறுதிசெய்தல், மின்காப்புள்ள கட்டுப்படுத்தி, மின்தடையைத் தாங்கும் திண்மநிலை வட்டு, தரவையும் குறிப்பேட்டில் எழுதும் முறை. ஆனால் பலரும் நாடுவது நேர்மையற்ற தீர்வையே. எக்ஸ்ட்4இன் பேரியரை அணைக்கிறார்கள். இசட்எஃப்எஸ்ஸில் 'சிங்க்' பண்பை முடக்குகிறார்கள். அப்போது அது உறுதிசெய்யாமலே உறுதிசெய்ததாகச் சொல்லும், கணினி விழுந்தால் கடைசிச் சில நொடிகளின் மடல்கள் போகும். இன்னும் சிலர் வரிசையையே நினைவகத்தில் வைக்கிறார்கள். பின்னர் 'வேகம் பலமடங்கு' என்று அட்டவணை வெளியிடுகிறார்கள். பொய் சொல்வதற்கு எப்போதும் குறைந்த நேரமே ஆகும்.

'யூபிஎஸ் இருக்கிறதே' என்பது அடுத்த மறுமொழி. இந்திய வளாகங்களில் யூபிஎஸ் மின்கலங்கள் எந்நிலையில் இருக்கின்றன என்பது அங்கே பணிபுரிவோருக்குத் தெரியும். மின்கலம் நன்றாகவே இருந்தாலும், கெர்னல் முடங்கினால் யூபிஎஸ் என்ன செய்யும்?

இழப்பை யார் ஏற்கிறார் என்பதே முதன்மையான கேள்வி. கடைசி நாளில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்பிய மாணவியின் மடல் இவ்வாறு தொலைந்தால், அவருடைய பக்கத்துப் பதிவேட்டில் 250 இருக்கும். திரும்பிவந்த மடல் இராது. பிழைச்செய்தி இராது. பெற்ற பக்கத்தில் தடயமும் இல்லாமற்போகலாம். 'வரவில்லை' என்பார் அலுவலர்; அதுவும் அவரளவில் உண்மையே. வேகத்தின் பயன் ஒருவருக்கு, அதன் விலை முகமறியாத மற்றொருவருக்கு.

எந்தக் கோப்பு முறைமையும் புனிதமானதன்று. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய மூன்றிலும் முறையாக அமைத்த வரிசை நிலைத்து நிற்கும். செய்யவேண்டியவை சிலவே: வரிசைக்குத் தனிப் பகிர்வு, பேரியரையும் சிங்க்கையும் தொடாமை, அஞ்சல் நிரலின் ஆவணம் கேட்கும் நிபந்தனைகளை அறிந்து தேர்ந்தெடுத்தல். பயன்பாட்டுக்கு விடுமுன் மடல்கள் வந்துகொண்டிருக்கும்போதே மின்இணைப்பைப் பிடுங்கி, 250 பெற்ற மடல்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அச்சோதனையைச் செய்யாத நிர்வாகி, தன் வழங்கி நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு அளிக்கும் வாக்கை ஒருமுறையேனும் சரிபார்த்ததில்லை என்றே பொருள்.