பிள்ளையை வங்கிக்குக் கூட்டிப் போகாதீர்கள்

2009ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஜேர்மனியின் டோர்ட்முண்டில் ஒரு வங்கியின் இரண்டாம் மாடியில் நானும் இவரும் எங்கள் மூத்த மகளும் இருந்தோம். மகளுக்கு அப்போது 14 வயது. பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே வந்தவள், புத்தகப்பையை மடியில் வைத்திருந்தாள். வங்கி அலுவலர் வீட்டுக்கடன் ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கதைத்தார். அவர் ஐந்து நிமிடம் சொன்னதை அவள் எங்களுக்கு ஒரு வரியில் சொன்னாள். அந்த வரிகளை நம்பி 160,000 யூரோக் கடனுக்குக் கையெழுத்து வைத்தோம்.

அதில் ஒரு வரி இது: "வட்டி பத்து வருசத்துக்குக் கட்டு, அம்மா."

ஒப்பந்தத்தில் இருந்த சொல் சின்ஸ்பிண்டுங். சின்ஸ் என்றால் வட்டி, பிண்டுங் என்றால் கட்டு. பிள்ளை சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் மாற்றினாள். வட்டி வீதம் 10 வருடத்துக்கு மாறாமல் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆனால் தமிழில் கயிற்றையும் கட்டுகிறோம், காசையும் கட்டுகிறோம். பத்து வருசம் வட்டி கட்டினால் போதும், பிறகு முதல் மட்டும்தான் என்று நானும் இவரும் விளங்கிக்கொண்டோம். திரும்பி வரும்போது ட்ராமில் இதையே சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டோம்.

2019இல் வங்கிக் கடிதம் வந்தது. அதுவரை வட்டி 4.5 வீதம், முதலில் கழிவது தொடக்கத்தில் ஆண்டுக்கு 1 வீதம், மாதக் கட்டுப்பணம் 733 யூரோ. பத்து வருடத்தில் நாங்கள் கட்டியது ஏறக்குறைய 88,000 யூரோ. கடன் குறைந்ததோ 20,000 யூரோவுக்குச் சற்று மேல். இன்னும் 139,840 யூரோ இருந்தது. மகள் குசினி மேசையில் வைத்து அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டனா, அம்மா?" என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போது 24 வயது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரவு வேலை முடிந்து வந்து நித்திரை கொள்ளும் நேரத்தில் இன்றைக்கும் அது என் காதில் கேட்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தோளில் ஒரு வீட்டையும் அதன் கடனையும் ஏற்றி வைத்தது நாங்கள். அவள் எந்தப் பிழையும் செய்யவில்லை.

அந்த ஆண்டு வட்டி வீதம் நன்றாக இறங்கியிருந்தது. மலிவாகப் புதுப்பித்துக்கொண்டோம், தப்பினோம். அது வெறும் அதிர்ஷ்டம். 2016இல் ஒன்றரை வீதமளவில் கடன் எடுத்து, பத்து வருடத்துக்குக் கட்டி வைத்தவர்கள் இப்போது அதன் இரு மடங்குக்கும் மேலான வீதத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் ஒரு பிள்ளை மொழிபெயர்த்திருக்கும்?

எங்கள் ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. ஆண்டுக்கு 5 வீதம் வரை, எங்கள் கணக்கில் 8,000 யூரோ, தண்டப்பணம் இல்லாமல் மேலதிகமாக முதலில் கட்டலாம் என்று ஒரு பிரிவு. அந்தப் பக்கம் வந்தபோது பிள்ளை களைத்துப் போயிருந்தாள், அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மொழிபெயர்க்கப்படவே இல்லை. 2012இல் எடுத்த சீட்டுக்காசு 6,000 யூரோ வங்கிக் கணக்கில் சும்மா கிடந்தது.

நாங்கள் பிறந்த ஊரில் காணி வாங்கினால் நொத்தாரிசு உறுதியை வாசித்து விளங்கப்படுத்துவார். அப்படிச் செய்ததாகக் கடைசியில் எழுதி ஒப்பமிடுவார். ஜேர்மனியிலும் நொத்தாரிசு ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்க வேண்டும். வீட்டை வாங்கும் உறுதிக்கும் அதைக் கடனுக்கு ஈடு வைக்கும் உறுதிக்கும் இந்த முறை உண்டு. கையெழுத்து வைப்பவருக்கு மொழி போதாது என்றால் உறுதியை அவருக்கு மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். கணவனோ மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ மொழிபெயர்ப்பாளராக இருக்கவும் முடியாது. யாரோ ஒருவர் எங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளை நினைத்து எழுதிய சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் நொத்தாரிசும் கேட்டார், ஜேர்மன் மொழி போதிய அளவு விளங்குமா என்று. இவர் "யா" என்றார். இருபது வருடமாக இங்கே சமையலறையில் வேலை செய்கிறவர், வரி கட்டுகிறவர், தெரியாது என்று எப்படிச் சொல்வார்? அந்த வெட்கத்தை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் அது இருந்தது. முதியோர் இல்லத்து வேலையில் முழு நேரமும் ஜேர்மனில்தான் கதைக்கிறேன். ஆனால் அது மருந்தும் சாப்பாடும் பற்றிய ஜேர்மன். ஈட்டு உறுதியில் 15 வீத வட்டி என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. அது நாங்கள் மாதம் கட்டும் வட்டி அல்ல, ஈட்டுக்கென்று காணிப் பதிவேட்டில் எழுதுவது என்று எனக்குச் சொல்ல அங்கே ஆள் இருக்கவில்லை. கட்டத் தவறினால் வழக்குப் போடாமலே வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சம்மதித்த வரியோ, பதறாமலே என்னைக் கடந்து போனது.

இந்தச் சட்டம் நொத்தாரிசின் மேசையோடு நின்றுவிடுகிறது. வங்கியில் கையெழுத்தாகும் கடன் ஒப்பந்தத்துக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை. வங்கி விளக்கம் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த விளக்கம் ஜேர்மனில். எதிரே இருப்பவருக்கு விளங்கியதா, மொழிபெயர்ப்பது ஒரு குழந்தையா என்று கேட்கிற கடமை யாருக்கும் இல்லை. வீட்டை வாங்கும்போது பிள்ளை மொழிபெயர்க்கக்கூடாது, அந்த வீட்டுக்கான கடனை எடுக்கும்போது மொழிபெயர்க்கலாம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே விதி வங்கி மேசைக்கும் வரவேண்டும்.

அது வரும்வரை நாங்கள் செய்யக்கூடியவை உண்டு. ஒப்பந்தத்தின் வரைவை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. 2016 பங்குனியில் இருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே மாதிரியான தகவல் தாளை வங்கி கையெழுத்துக்கு முன்பே தரவேண்டும். வட்டி எத்தனை வருடத்துக்கு, மாதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்டு முடியும் நாளில் எவ்வளவு கடன் மிச்சம் இருக்கும் என்பதை நீங்களே கேட்டு, எண்ணாக எழுதி வாங்குங்கள். கையெழுத்து வைத்த பிறகும் 14 நாளுக்குள் விலகலாம். நுகர்வோர் ஆலோசனை நிலையங்களில் கட்டணம் கொடுத்தால் கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்வார்கள். ஜேர்மன்காரரே அங்கே போகிறார்கள். எங்கள் மாநிலத்தில் 300,000 யூரோவுக்கு வீடு வாங்கினால் 6.5 வீதம், 19,500 யூரோ, வரியாக மட்டும் போகிறது. அவ்வளவும் கொடுப்பவர்கள் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடிக்கிறோம். கோயில் திருவிழாவில் யார் எங்கே என்ன விலைக்கு வீடு வாங்கினார்கள் என்று கதைக்கிறோம், ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் கதைப்பதில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு குடும்பம் நொத்தாரிசிடம் போனது. துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். 12 வயது மகன் தலைவாரி, கடுதாசிக் கோப்போடு வாசலில் நின்றான். அவனை எங்கள் வீட்டில் இவரோடு விட்டுவிட்டுப் போனோம். நொத்தாரிசு அதே கேள்வியைக் கேட்டார். கணவன் வாய் திறக்கமுன் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து, "நைன்" என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரோடு வருவதற்கு வேறு நாள் குறித்துக் கொடுத்தார்.