நித்திரையைக் கணக்கெடுத்து வெளிக்கிடுங்கள்



சென்ற இதழில், பழைய கார் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை எழுதியிருந்தேன். அதை வாசித்த இரண்டு மூன்று குடும்பத்தினரைக் கோயிலில் கண்டேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "கார் வாங்கியாச்சு. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கிறேற் ஓஷன் றோட்டாலை ஒருக்கால் போய்வர வேணும். எப்பிடிப் போறது, எங்கை நிக்கிறது?"

மெல்பேணுக்கு வந்து குடியேறிய எவரும் முதலில் கேள்விப்படுகின்ற பாதை அதுதான். நான் அதிகம் படித்தவன் அல்லன். வழிகாட்டிப் புத்தகம் எழுதுகின்ற தகுதியும் எனக்கில்லை. ஆனால் அந்தப் பாதையில் ஒருமுறை பிழையாகவும் ஒருமுறை சரியாகவும் போனவன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் பிழையான பயணம்.

அப்போது எனக்குப் பொதி கட்டும் பகுதியில் இரவு வேலை. வெள்ளி இரவு வேலைக்குப் போய், சனி காலை ஆறு மணிக்கு வீடு வந்தேன். பிள்ளைகள் உடுப்பு மாற்றி வாசலில் நின்றார்கள். முகம் கழுவி, இரண்டு கோப்பை தேநீர் குடித்து, ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். ஒரே நாளில் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்த்து இரவே வீடு திரும்புவதென்பது என் திட்டம். ஞாயிறு வேறொரு வீட்டில் பிறந்தநாள் விழா இருந்தது.

ஜீலோங் கடந்து கொஞ்சத் தூரம். பின்னால் பிள்ளைகள் நித்திரை. வீதி நேராகக் கிடந்தது. திடீரென்று சில்லுகளுக்குக் கீழே தடதடவென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது, மனைவியின் கை ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தது. கண்ணைத் திறந்தபோது என்று எழுதுகிறேன் பாருங்கள். மூடியது எனக்குத் தெரியவே தெரியாது. வீதி ஓரக் கோட்டில் பதித்திருக்கின்ற அந்த மேடுகள்தான் எங்களைக் காப்பாற்றின. அடுத்துக் கண்ட ஓய்விடத்தில் காரை நிறுத்தினேன். கை நடுங்கியது. இரண்டரை மணித்தியாலம் காருக்குள்ளேயே படுத்தேன். அதன்பின் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். மகன் வழியெல்லாம் "கடல் எங்கை?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு இருந்து கணக்குப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் ஓடுகிறது. மூன்று செக்கன் கண் மூடினால் 84 மீற்றர். அவ்வளவு தூரம் காரை ஓட்டியது ஆர்? 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிலை, இரத்தத்தில் 0.05 மதுபானம் உள்ளவரின் நிலைக்கு ஒப்பானது என்று வீதிப் பாதுகாப்புப் பகுதியினர் சொல்கிறார்கள். நான் வாழ்நாளில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியவன் அல்லன். ஆனால் அன்று குடிகாரன் செய்கின்ற வேலையைத்தான் செய்தேன்.

எங்கள் ஆட்களில் பலர் இரவு வேலை, இரட்டை வேலை செய்பவர்கள். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். பயணத்தைத் திட்டமிடும்போது, எந்த இடம் பார்ப்பது என்பது இரண்டாவது கேள்வி. ஓட்டுபவர் முதல்நாள் இரவு கட்டிலில் படுத்தாரா என்பதே முதற் கேள்வி. தேநீரும் கோப்பியும் நித்திரைக்கு மாற்று அல்ல.

இரண்டாம் முறை திட்டம் போட்டவள் என் மனைவி. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இது படம் எடுத்துக்கொண்டு ஓடிவாற பயணமோ, பிள்ளையளோடை போற பயணமோ?" அன்றே ஒருநாட் பயணம் இருநாட் பயணமாயிற்று. வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன். வியாழன் இரவு நன்றாக நித்திரை கொண்டு, வெள்ளி காலை வெளிக்கிட்டோம்.

இனித் தூரக் கணக்கைப் பார்ப்போம். கிறேற் ஓஷன் றோட், ரோர்க்கி என்ற ஊரில் தொடங்கி, வார்ணம்பூலுக்கு அண்மையிலுள்ள அலன்ஸ்போர்ட்டில் முடிகிறது. மொத்தம் 243 கிலோமீற்றர். மெல்பேண் நகரிலிருந்து ரோர்க்கி சுமார் 100 கிலோமீற்றர். டண்டினோங் பக்கம் இருப்பவர்கள் அதற்கு மேல் இன்னும் முக்கால் மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரைக் கடக்கச் சுங்க வீதியில் ஏறுவதானால், அதற்கான கணக்கை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். இல்லாவிட்டால் பயண மகிழ்ச்சி தபாலில் கடிதமாக வரும்!

ரோர்க்கியிலிருந்து லோர்ண் 45 கிலோமீற்றர் அளவில். லோர்ணிலிருந்து அப்பலோ பே இன்னொரு 45. இது என்ன தூரம் என்று நினைப்பீர்கள். ஆனால் லோர்ணுக்கும் அப்பலோ பேக்கும் இடையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பிள்ளைகள் சத்தி எடுப்பதும் இங்கேதான். வெளிக்கிடுமுன் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள். கைக்கெட்டிய இடத்தில் பொலித்தீன் பை, ஈரத்துணி, தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். பின்னால் வாகனங்கள் வரிசையாக வந்தால், அதற்கென்று விட்டிருக்கின்ற ஒதுக்கிடத்தில் நின்று வழி விடுங்கள். அது தோல்வி அல்ல.

பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு போகும் பழக்கத்தை ஊரோடு விட்டுவிடுங்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, அந்த வயதுக்குரிய ஆசனம் இருக்கவேண்டுமென்பது இங்கு சட்டம். ஒருவர் கூடினால் அவர் இந்தக் காரில் வரமுடியாது, அவ்வளவுதான்.

லோர்ணுக்கு முன்னர் ஈஸ்ரேர்ண் வியூ என்ற இடத்தில், வீதிக்குக் குறுக்கே மரத்தாலான ஒரு வளைவு நிற்கும். எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள். ஆனால் அது என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதலாம் உலகப்போர் முடிந்து திரும்பி வந்த போர்வீரர்கள் கட்டிய வீதி இது. 1919 இல் தொடங்கி 1932 இல் திறந்தார்கள். ஏறக்குறைய 3000 பேர் கூடாரங்களில் தங்கி, பிக்கானும் சவளும் கொண்டு மலையை வெட்டினார்கள். போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாகவே வெட்டினார்கள். உலகிலேயே மிகப்பெரிய போர் நினைவுச்சின்னம் இந்த வீதிதான் என்று சொல்வார்கள். கையால் வேலை செய்பவன் நான். அந்த வளைவின்கீழ் நின்று மலையை நிமிர்ந்து பார்த்தபோது, ஒவ்வொரு வளைவும் எத்தனை பேருடைய முதுகு நோவு என்று நினைத்துக்கொண்டேன். செத்தவர்களை நினைக்க ஒரு வீதி கிடைத்த சனம் கொடுத்து வைத்த சனம் என்றும் நினைத்தேன். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டை லோர்ணில் கடற்கரைப் புல்வெளியில் வைத்துக்கொண்டோம். கடையில் வாங்கினால் நாலு பேருக்குக் கை கடிக்கும். நாங்கள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போனோம். முட்டையும் தோடம்பழமும் குளிர்ப்பெட்டியில் இருந்தன. இந்நாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் காசில்லாத மின் அடுப்பு இருக்கிறது. இறைச்சி வாட்ட விரும்புபவர்கள் அதைப் பாவிக்கலாம். பாவித்தபின் துடைத்துவிட்டு வாருங்கள்.

லோர்ணுக்கு அப்பால் கெனற் றிவர் என்ற இடத்தில் இறங்கி யூக்கலிப்ரஸ் மரங்களை அண்ணாந்து பார்த்தால், கொவாலா நித்திரை கொள்வதைக் காணலாம். எங்கள் மகன் மூன்று கண்டுபிடித்தான். அன்றைய நாளின் பெரிய சாதனை அதுதான்.

இரவு அப்பலோ பேயில், கரவன் நிறுத்தும் இடத்திலுள்ள சிறு அறையொன்றில் தங்கினோம். குசினி உள்ள அறையாகப் பாருங்கள், சோறு வைக்கலாம். தை மாதப் பாடசாலை விடுமுறையில் இடம் கிடைப்பது கடினம், விலையும் ஏறிவிடும். மாசி, பங்குனி நல்லது. எந்த மாதமானாலும் குளிர்ச் சட்டை கொண்டு போங்கள். தென்கடலில் இருந்து வருகின்ற காற்றுக்குக் கோடை மாரி தெரியாது.

மறுநாள் புறப்படும்போது பெற்றோல் நிரப்புங்கள். அப்பலோ பேக்கு அப்பால் பாதை கடலை விட்டு ஒட்வே காட்டுக்குள் நுழைகிறது. பெற்றோல் நிலையங்கள் குறைவு. சில இடங்களில் கைத்தொலைபேசியும் வேலை செய்யாது. ஆகவே வரைபடத்தை முதலே தரவிறக்கி வையுங்கள். ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்தில் அப்போஸ்தலர் பாறைகள் வரும். சுண்ணாம்புக் கல்லாலான தூண்கள், சில 45 மீற்றர் உயரம். பன்னிரண்டு என்பது பெயருக்குத்தான். 2005 இல் ஒன்று கண்முன்னே இடிந்து விழுந்தது. சற்று அப்பாலுள்ள லண்டன் பாலம் என்ற பாறையும் 1990 இல் நடுவில் முறிந்து விழுந்தது. அப்பால் நின்ற இருவரை ஹெலிகொப்ரரில் மீட்டார்கள். இதை ஏன் எழுதுகிறேன்? வேலியைத் தாண்டி நின்று படம் எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த மண்ணை நம்பாதீர்கள்.

அங்கிருந்து சில நிமிடத் தூரத்தில் லொக் ஆர்ட் என்ற இடுக்குக் கரை. 1878 ஆனி முதலாம் திகதி, இங்கிலாந்திலிருந்து மெல்பேணுக்கு வந்த லொக் ஆர்ட் என்ற கப்பல் இந்தக் கரையருகே மோதி உடைந்தது. கப்பலில் 54 பேர். தப்பியவர்கள் இருவர். ரொம் பியர்ஸ் என்ற இளம் மாலுமி நீந்திக் கரை சேர்ந்தபின், அலையில் கிடந்து கத்திய ஈவா கார்மைக்கல் என்ற பெண்ணுக்காக மறுபடியும் தண்ணீரில் இறங்கி, அவளை இழுத்து வந்தான். அவளோடு கப்பலில் வந்த தாய், தகப்பன், சகோதரங்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

என் மனைவியும் கடலால் வந்தவள். இங்கே வந்து இத்தனை வருடத்தில் ஒருநாளும் கடற்கரை மணலில் கால் வைக்காதவள். அன்றும் மேலே வேலியோரம் நின்றாள். மகள் அறிவித்தற் பலகையை வாசித்து, தெரிந்த தமிழில் தாய்க்குச் சொன்னாள். மனைவி கேட்டாள்: "பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆர் இருந்தது?" மகளுக்கு மறுமொழி தெரியவில்லை. பிறகு அவள் தானாகவே படிகளில் இறங்கினாள். செருப்பைக் கழற்றி ஈரமணலில் நின்றாள். அதற்கப்பால் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை. முக்கால் மணித்தியாலம் அங்கே இருந்தோம்.

அந்த முக்கால் மணித்தியாலம் எங்கள் தாளில் எழுதாதது. முதல்முறைத் திட்டப்படி போயிருந்தால், "நேரமாச்சு, ஏறுங்கோ" என்று நானே கலைத்திருப்பேன். ஆகவே தாளில் வெற்றிடம் விடுங்கள். கடலைக் கண்டால் மனம் கலங்குகின்றவர்கள் எங்களுக்குள் பலர் இருக்கிறார்கள். கிட்ட வா என்று அவர்களை வற்புறுத்தாதீர்கள். மேலே நின்றும் கடலைப் பார்க்கலாம்.

குளிப்பதானால், சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும். கொடி இல்லாத கரையில் இறங்கவேண்டாம். உள்ளே இழுக்கின்ற நீரோட்டம் வெளியே தெரியாது. ஊரில் நீந்தியவர்களுக்கும் இது பொருந்தும். கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே வெளிக்கிடுங்கள். 2015 நத்தார் தினத்தில் இந்தப் பாதையிலுள்ள வை றிவர் பகுதியில் 116 வீடுகள் எரிந்தன. ஆபத்து மிக்க நாளென்று அறிவித்தால், அறைக்குக் கொடுத்த காசு போனாலும் போகட்டும். அவசர இலக்கம் 000.

திரும்பும்போது கடற்பாதையால் வராதீர்கள். கொலாக் ஊடாக உள்வழி மூன்று மணித்தியாலம் அளவில்தான். பொழுதுபடுமுன் வெளிக்கிடுங்கள்; மைம்மலில் கங்காரு வீதிக்குக் குறுக்கே பாயும். இரண்டு மணிக்கு ஒருமுறை நில்லுங்கள். நாங்கள் சனி இரவு வீடு வந்துவிட்டோம். ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்தோம். அந்த ஞாயிறும் பயணத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

திங்கள் வேலைக்குப் போனபோது, எத்தனை இடம் பார்த்தாய் என்று கேட்டார்கள். ஐந்து என்றேன். "அவ்வளவுதானோ?" என்றார்கள். ஓம், அவ்வளவுதான். நாலு பேரும் போய், நாலு பேரும் வந்தோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.