எல்லைக்கோடும் மணிக்கணக்கும்

காலம் ஒன்றே, அதனை அளக்கும் கணக்குகளே பல. இவ்வுண்மையை நாம் ஏட்டில் படித்து அறிகிறோம். ஆப்பிரிக்காவின் இரண்டு எல்லையூர் மக்களோ அதனை நாள்தோறும் வாழ்ந்து அறிகின்றனர்.

தான்சானியா நாட்டின் தென்மேற்கு எல்லையில் துண்டுமா என்னும் ஊர் உள்ளது. அதனை ஒட்டியே சாம்பியா நாட்டைச் சேர்ந்த நாக்கொண்டே அமைந்துள்ளது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லலாம். நியாம்வாங்கா என்னும் இனத்தார் இருபுறமும் வாழ்கின்றனர். 1890ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் செருமானியரும் செய்துகொண்ட உடன்படிக்கையே, அங்கு வாழ்ந்தோரைக் கேளாமல், அவர்கள் நிலத்தின் குறுக்கே எல்லை வகுத்தது.

ஞாயிறு 15 பாகை கடந்துசெல்வதுபோல் நமக்குத் தோன்றும் காலம் ஒரு மணி. சாம்பியா 30ஆம் பாகைக்குரிய நேரத்தையும், தான்சானியா 45ஆம் பாகைக்குரிய நேரத்தையும் மேற்கொண்டுள்ளன. ஆதலின் நாக்கொண்டேயில் பிற்பகல் நான்கு மணி எனக் கருதி எல்லை கடப்பவன், துண்டுமாவில் ஐந்து மணி ஆகிவிட்டதைக் காண்பான். வேளையை ஒருவன் தவறாகக் கணித்தால், அவன் சரக்கு காத்துக் கிடக்க நேரலாம். தாருசலாம் துறைமுகத்திற்குச் செம்பு ஏற்றிச் செல்லும் லாரிகள் இவ்வழியே செல்வதால், இஃது ஒருவர் இருவரின் இடர் அன்று.

இவ்வளவோடு முடியவில்லை. சுவாகிலி மொழி பேசுவோர் விடியலிலிருந்தே மணியை எண்ணுவர். நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் ஞாயிறு எழும் வேளை ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாது. ஆதலின் இக்கணக்கு அவர்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. நம் பஞ்சாங்கமும் ஞாயிற்றின் தோற்றம் முதலாகவே நாழிகை எண்ணுகின்றது அன்றோ? இளவெயில் பரவும் ஒரு காலைப்பொழுதில் துண்டுமாவின் கடிகாரம் எட்டு எனக் காட்டும். நாக்கொண்டேயின் கடிகாரம் ஏழு எனக் காட்டும். சுவாகிலி பேசும் வணிகரோ இரண்டு என்பார். மூவரும் பொய்யர் அல்லர்.

இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 33ஆம் பாகையில் இருப்பதால் சாம்பியாவின் நேரமே ஞாயிற்றுக்கு நெருக்கமானது. அதனையே துண்டுமாவும் கொள்ளலாமே எனச் சிலர் வினவக்கூடும். அது தக்கதன்று என்பதே என் கருத்து. அங்ஙனம் செய்தால், துண்டுமா தன் நாட்டின் துறைமுகத்தோடும் அலுவலகங்களோடும் வேறுபடும். எல்லையில் நீங்கிய இடர் நாட்டின் உள்ளே புகும். கடிகாரம் ஞாயிற்றின் ஆணையன்று. ஒன்றுபட்டு வாழ்வதற்கு மக்கள் செய்துகொண்ட ஏற்பாடு. நாடு முழுவதும் ஒரே நேரத்தால் பெறும் நன்மைக்கு எல்லையூரார் தம் வசதியை விலையாகத் தருகின்றனர். அவர்கள் பொறுமை போற்றத்தக்கது.

மாணவர்களே! அவ்வூர்களில் ஒருவர் மற்றொருவரைச் சந்திக்க நாள் குறித்தால், "எந்த நேரக் கணக்கு?" என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேளாதவன் பிறனைக் காலந்தவறியவன் என்று இகழ்வான். கேட்டவன் அவனோடு கூடி வாணிகம் செய்வான். பிறர் சொல் நம் சொல்லோடு முரணும்போதெல்லாம் நாமும் அவ்வினாவையே முதலில் கேட்போமாக!