அடமானச் சேதம்

ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாள் கூட்டத்துக்குத் துண்டறிக்கை போட வேண்டியிருந்தது. இங்கிலீஷ் கட்டுரை ஒன்றைச் சுருக்கித் தமிழில் எழுதித் தரும்படி, பி.ஏ. இரண்டாம் வருசம் படிக்கிற தம்பி ஒருவனிடம் கொடுத்திருந்தோம். ராத்திரி அவன் கொண்டுவந்த தாளில் 'அடமானச் சேதம்' என்று ஒரு வார்த்தை. என்னடா இது என்றேன். "கொலாட்டரல் டேமேஜ்ணே. கொலாட்டரல்னா அடமானம்தான? எங்கப்பா லோன் கேட்டுப் போனப்ப பேங்க்ல அதத்தான கேட்டாங்க" என்றான்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலெல்லாம் அந்த வார்த்தையோடு உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா நான். நிலம் உள்ளவன் பத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பான். இல்லாதவன் கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பிப் போவான். கொலாட்டரல் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

போர்க்காரர்கள் சொல்லும் அர்த்தம் வேறு. குறிவைத்தது ஒன்று, அதன் பக்கத்தில் இருந்ததால் அழிந்தது இன்னொன்று. அந்த இன்னொன்றுக்குத்தான் இந்தப் பெயர். 1960களில் அணு ஆயுத உத்தி வகுத்தவர்களின் எழுத்தில் புழங்கிய சொல். 1991 வளைகுடாப் போரின்போது டெலிவிஷன் வழியாக உலகத்தின் காதில் விழுந்தது. செத்தவர்கள் மனிதர்கள் என்பது அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. அகராதிப்படி தம்பி எழுதியது தப்பு. நடந்ததன்படி பார்த்தால் சரி. எவருடைய பாதுகாப்புக்கோ எவர் உயிரையோ கேட்காமல் ஈடு வைத்தார்கள். அது மூழ்கிப்போயிற்று.

அன்றிலிருந்து அணுகுண்டு பேசும் இங்கிலீஷை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். 'கேஷுவாலிட்டி' என்றால் நமக்கு ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களைக் கொண்டுபோகிற வார்டு. போர்ச் செய்தியில் அது செத்தவர்கள், காயம்பட்டவர்கள் எண்ணிக்கை. சொல்லின் வேர் 'தற்செயல்'. மாதக்கணக்கில் திட்டமிட்டு, ஊரைத் தேர்ந்தெடுத்து, வானிலை பார்த்துப் போட்ட குண்டில் செத்தவர்கள் தற்செயலாம்! 'மெகாடெத்' என்று ஓர் அளவை உண்டு. பத்து லட்சம் சாவு ஒரு மெகாடெத். மூட்டைக்கு இத்தனை படி என்கிற மாதிரி.

ஹெர்மன் கான் என்பவர் 1960இல் வெளியிட்ட அணுப்போர் பற்றிய புத்தகத்தில் ஓர் அட்டவணை போட்டார். ஒரு பக்கம் சாவு. எதிர்ப்பக்கம் பொருளாதாரம் நிமிர ஆகும் காலம். இருபது லட்சம் பேர் செத்தால் ஒரு வருசம். பதினாறு கோடிப் பேர் செத்தால் நூறு வருசம். கடன் தவணை அட்டவணை போடுகிறவன் நான், எனக்கு இந்த வடிவம் நன்றாகப் பழக்கம். அசல் ஒரு பக்கம், திருப்பிக் கட்டும் காலம் ஒரு பக்கம். அந்தக் கட்டங்களுக்குள் அழுகைக்கு இடம் கிடையாது.

மனிதனுக்கு எண்ணைக் கொடுத்தவர்கள், மனிதனுடைய சொற்களைக் குண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹிரோஷிமாவில் போட்டது 'சின்னப் பையன்'. மூன்று நாள் கழித்து நாகசாகியில் போட்டது 'குண்டு மனிதன்'. (நம்ம மொழியில் குண்டு என்றால் இரண்டும்தான்.) 1945 ஜூலையில் முதல் சோதனை நடந்ததும் போட்ஸ்டாமில் இருந்த அமெரிக்கப் போர் அமைச்சருக்குத் தந்தி போனது. டாக்டர் உற்சாகமாகத் திரும்பியிருக்கிறார், சின்னப் பையன் அண்ணனைப் போலவே திடமாக இருக்கிறான் என்கிற மாதிரி வாசகம். 1952இல் ஹைட்ரஜன் குண்டு வெடித்ததும் எட்வர்ட் டெல்லர் தந்தி அடித்தார்: பையன் பிறந்திருக்கிறான். சர்க்கரை கொடுக்காத குறைதான். அந்தச் சின்னப் பையன் இறங்கிய ஊரில் 1945 முடிவதற்குள் செத்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர்.

அணு ஆயுத வல்லுநர்களோடு 1984இல் இருந்து அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்ட கரோல் கோன் என்ற ஆய்வாளர் 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். 'சகோதரக்கொலை' என்ற சொல்லை அந்தக் கூட்டம் எதற்குப் பயன்படுத்துகிறது என்று அதில் சொல்கிறார். ஒரு பக்கத்துக் குண்டு வெடித்து அதே பக்கத்து இன்னொரு குண்டைக் கெடுத்துவிட்டால் அது சகோதரக்கொலை. குண்டுக்குக் குண்டு சகோதரன். கீழே சாகிறவன் யாருக்கும் ஒன்றுமில்லை. 'அரை ஆயுள்' என்கிறோமே, அதையும் யோசியுங்கள். தீர்க்காயுசா இருன்னு நம்ம கிழவிகள் பிள்ளைகளை வாழ்த்துவார்கள். புளூட்டோனியத்துக்கு அரை ஆயுசே 24,000 வருசம்.

இனி மார்ஷல் தீவுகளுக்கு வருவோம். 1946இல் பிகினி தீவு மக்கள் 167 பேரை, மனிதகுல நன்மைக்காக என்று சொல்லி அமெரிக்கக் கடற்படை வெளியேற்றியது. ஜூலை 1 அங்கே குண்டு வெடித்தது. ஜூலை 5 பாரிஸில் ஒருவர் நீச்சல் உடைக்கு அந்தத் தீவின் பெயரை வைத்தார். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு நினைவு வருவது உடைதான். ஊரைப் பிடுங்கினார்கள், ஊர்ப்பெயரும் போனது.

1954 மார்ச் 1, அதே பிகினியில் 15 மெகாடன் குண்டு. பக்கத்து ரோங்கெலாப் தீவில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் எலும்பில் சேரும் ஸ்ட்ரான்சியம் நஞ்சை அளக்க அமெரிக்க அணுசக்தி ஆணையம் வைத்திருந்த அலகின் பெயர் என்ன தெரியுமா? 'சூரிய ஒளி அலகு'. 1956இல் அதே ஆணையத்தின் கூட்டம் ஒன்றில், நஞ்சு படிந்த தீவில் மனிதர்கள் வாழ்ந்தால் உடம்பில் என்ன சேரும் என்று அளப்பது பற்றிப் பேச்சு வந்தது. மெரில் ஐசன்பட் என்ற அதிகாரி பேசியதன் சாரம் இது: இவர்கள் நாகரிகமான மேற்கத்தியர் போல வாழ்கிறவர்கள் இல்லைதான், ஆனாலும் எலிகளைவிட நம்மை ஒத்தவர்கள். எழுத்தில் பதிவான பேச்சு இது. இந்தத் தொனி நமக்குப் புதுசா என்ன?

1983இல் வான்கூவரில் நடந்த உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவையில் டார்லீன் கேஜு என்ற மார்ஷல் தீவுப் பெண் எழுந்து பேசினார். எங்கள் பெண்கள் 'ஜெல்லிமீன் குழந்தை' பெறுகிறார்கள் என்றார். கண் இல்லை, கை கால் இல்லை, மூச்சு மட்டும் கொஞ்ச நேரம். அப்படியொரு பிறப்புக்கு அவர்கள் மொழியில் சொல் இருந்ததில்லை. கடலில் பார்த்ததைச் சொன்னார்கள். குண்டைப் பையன் என்றான் அவன். பையனை ஜெல்லிமீன் என்று சொல்லவேண்டி வந்தது இவளுக்கு.

அப்படியானால் இங்கிலீஷ் கொலைகார மொழி, தமிழ் தங்கமான மொழியா? அந்தக் கதையே வேண்டாம் நண்பர்களே. நம்ம ஊரில் ஒருத்தர் 'சிவலோகப் பதவி' அடைவார், ஒருத்தர் 'காலமாவார்', சேரிக்காரன் மட்டும் 'செத்துட்டான்'. சாவு ஒன்று, சொல் ஆளுக்கு ஒன்று. 1974இல் பொக்ரானில் வெடித்ததற்கு அரசு சொன்ன பெயர் 'அமைதிக்கான அணுவெடிப்பு'. வழங்குகிற பெயர் 'புன்னகைக்கும் புத்தர்'. 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு போய்ச் சேர்ந்த புத்தரை, பதினெட்டே வருசத்தில் குண்டின் மேல் ஒட்டிச் சிரிக்கவைத்தார்கள். நம்மில் எத்தனை பேர் கோபப்பட்டோம்?

இங்கிலீஷ் நமக்கு வேண்டும். அம்பேத்கர் அதில்தான் எழுதினார். அதற்குள் நம் சொல்லைக் கொண்டுபோய் வைக்கவும் முடியும். குண்டுக்கு ஆளாகிப் பிழைத்த ஜப்பானியர்கள் 'ஹிபாகுஷா' என்ற தங்கள் சொல்லோடே உலகத்தின் முன் நின்றார்கள். 2017இல் ஐ.நா.வில் நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் முகப்புரையில் அந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே இருக்கிறது. 2024இல் அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. எண்ணாக இருக்க மறுத்தவர்கள் அவர்கள். ஹரிஜன் என்று அடுத்தவன் வைத்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு, தலித் என்ற சொல்லை இங்கிலீஷுக்குள் நாம் கொண்டுபோகவில்லையா? அதே வேலைதான்.

மொழிபெயர்க்கிற மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அவர்கள் சொல்லை அழகுத்தமிழில் பெயர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். யார் போட்டது, யார் மேல் விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று கேளுங்கள். வாக்கியத்தில் அந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி எழுதுங்கள்.

துண்டறிக்கையில் தம்பியின் 'அடமானச் சேதம்' அப்படியே போனது. நான் திருத்தவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "யாரு தம்பி அடமானம் வச்சது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அன்றைக்குக் கூட்டம் தொடங்கியது.