மெக்கானிக்கின் கையும் சுதேசிக் கருவியும்

மோட்டார் வண்டித் தொழிலில் நமது தேசம் அடைந்திருக்கும் அபிவிருத்தியைக் குறித்து நாம் பெருமை கொள்வது நியாயமே. கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இங்கேயே லக்ஷக்கணக்கில் உற்பத்தியாகி அயல்நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. சென்னையைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களின் ஆலைகளே இதற்குச் சாக்ஷி. ஆனால் அந்த வண்டி பழுதாகிப் பட்டறைக்கு வரும்போது, அதன் நட்டைக் கழற்றும் சாக்கெட் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று கேட்டால், மெக்கானிக் மட்டுமல்ல, அதை விற்ற கடைக்காரரும் பதில் சொல்லத் தயங்குகிறார். வண்டி சுதேசி; அதைப் பழுது பார்க்கும் கருவியோ ஊர் பேர் தெரியாதது. இந்த நிலை நீடிப்பது நமக்கு அழகன்று.

கைக்கருவித் தொழிலைப் பற்றி நிதி ஆயோக் 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் கைக்கருவி வியாபாரம் சுமார் 3,400 கோடி டாலர் என்றும், அதில் சீனா ஏறக்குறைய 1,300 கோடி டாலருக்கு ஏற்றுமதி செய்ய, இந்தியாவின் ஏற்றுமதி 60 கோடி டாலர், அதாவது 1.8 சதவீதம்தான் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. சீனத்தோடு ஒப்பிடும்போது நமது உற்பத்திச் செலவு 14 முதல் 17 சதவீதம் வரை அதிகமாயிருப்பதையும் அது எடுத்துக்காட்டுகிறது. ஜலந்தர், லுதியானா, நாகௌர் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கருவி செய்யும் தொழிலாளிகளைக் கொண்ட ஒரு தேசத்துக்கு இந்தப் பங்கு மிகவும் சொற்பம் என்பதில் சந்தேகமில்லை.

சாக்கெட் பார்வைக்குச் சிறிய சாமான். அதைச் சரியாகச் செய்வது எளிய காரியமன்று. குரோம் வனேடியம் கலந்த எஃகை அடித்து உருவாக்கி, ஒருபுறம் சதுரத் துளையும் மறுபுறம் நட்டுக்குரிய அறுகோணத் துளையும் அளவு பிசகாமல் அமைக்க வேண்டும். பிறகு அதைக் காய்ச்சித் தோய்த்து, மீண்டும் மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். பதம் அதிகமானால் சாக்கெட் வெடிக்கும். குறைந்தால் அதன் உட்புறம் தேய்ந்து நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். மேலே பூசும் நிக்கலும் குரோமியமும் சரியாகப் பிடிக்காவிட்டால், உரிந்து வரும் தகடு கத்திபோல் விரலைக் கிழிக்கும். ராட்செட்டின் உள்ளே இருக்கும் பல் ஒன்று பலங்கொண்டு இழுக்கும் தருணத்தில் வழுக்கினால், மெக்கானிக்கின் முட்டிதான் என்ஜினில் மோதும். தினக்கூலியை நம்பி வாழ்பவனுக்கு ஒரு வாரம் கை முடங்குவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகையால், "நம் நாட்டுச் சரக்கு, குறை இருந்தாலும் வாங்குங்கள்" என்று மெக்கானிக்கிடம் உபதேசம் செய்ய நாம் ஒருபோதும் சம்மதியோம். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, தேசபக்தியைப் பேசியதோடு நில்லாமல் கப்பல்களையும் வாங்கி ஓட்டிக் காட்டினார். சுதேசியம் என்பது நல்ல சரக்கை நாமே செய்து கொடுக்கும் பொறுப்பு. தரத்தின் சுமையைத் தொழிலாளியின் தோள்மேல் ஏற்றிவிட்டு, லாபத்தை மட்டும் முதலாளி எடுத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அதே சமயத்தில், நம்மவர்களுக்கு நல்ல சாக்கெட் செய்யத் தெரியாது என்று சொல்வது பெரும் பிசகு. பஞ்சாபின் தொழிற்சாலைகள் அந்நிய நாடுகளுக்கு ஸ்பானர்களும் சாக்கெட்டுகளும் அனுப்பி வருகின்றன. ஜலந்தரில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1983-இல் ஏற்பட்ட மத்தியக் கைக்கருவி நிலையம் பதமேற்றுதல், பரிசோதனை முதலியவற்றில் தொழிலுக்குத் துணை நிற்கிறது. திறமை இருக்கிறது, அத்திறமையின் பலன் உள்ளூர்ப் பட்டறைக்கு வந்து சேருவதற்குத்தான் வழி சீராக இல்லை.

வழி சீர்கெடுவதற்கு முதற்காரணம், சரக்கின் பிறப்பிடம் தெளிவாயில்லாமையே. அந்நியச் சரக்கை இறக்கி, அதன்மேல் இந்தியப் பெயர் ஒன்றைப் பொறித்து விற்பது வியாபாரத்தில் சாதாரணமாகிவிட்டது. 2011-ஆம் வருஷத்திய பொட்டலப் பண்ட விதிகளின்படி உற்பத்தியாளர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் பெட்டியின்மேல் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் அது பிறந்த நாட்டையும் குறிப்பிட வேண்டும். 2020-இல் ஏற்பட்ட விதிகள் இணையத்தில் நடக்கும் வியாபாரத்துக்கும் இக்கடமையை விதித்தன. சட்டம் இருக்கிறது, அதை அமல் நடத்துவோரின் கண்தான் கருவிக் கடைகளின் பக்கம் திரும்ப வேண்டும். வாங்குவோரும் பிராண்டின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், செய்தவர் யார், எந்த ஊர் என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சர்க்காரின் கடமை. உள்நாட்டுச் சரக்குக்கு முதன்மை கொடுக்க வேண்டும் என்று 2017-இல் மத்திய சர்க்கார் பிறப்பித்து, 2020-இல் திருத்திய கொள்முதல் உத்தரவு, 50 சதவீதத்துக்குக் குறையாமல் உள்நாட்டு மதிப்புள்ள சரக்கை முதல் வகுப்பாகக் கொள்ளுகிறது. பொன்மலை, பெரம்பூர் ரயில்வேப் பட்டறைகளும், ராஜ்யத்தின் போக்குவரத்துக் கழகங்களும், தொழிற்பயிற்சி நிலையங்களும் சாக்கெட் செட்டுகளுக்குப் பெரிய வாடிக்கைக்காரர்கள் அல்லவா? அவை குறைந்த விலை ஒன்றையே பார்க்காமல், எத்தனை பளு தாங்குகிறது என்று சோதித்து வாங்கினால், யோக்கியமான உற்பத்தியாளருக்கு அதைவிடப் பெரிய ஆதரவு வேறில்லை. அச்சோதனைகளின் முடிவுகளைப் பகிரங்கப்படுத்தினால் தனி மெக்கானிக்கும் பயனடைவான். எஃகின் மீதும் யந்திரங்களின் மீதும் உள்ள இறக்குமதி வரியையும் தரக் கட்டுப்பாட்டு உத்தரவுகளையும் சீர்செய்ய வேண்டுமென்று நிதி ஆயோக் கூறியிருப்பதையும் சர்க்கார் அலட்சியம் செய்யலாகாது.

உற்பத்தியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 1920-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஜோசப் ஜான்ஸன் என்பவர் 5 கைப்பிடிகளையும் 10 சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி 50 ஸ்பானர்களின் வேலையைச் செய்யலாம் என்று காட்டினார். அந்த யோசனையிலிருந்தே ஸ்னாப்-ஆன் என்னும் பெரிய கம்பெனி வளர்ந்தது. அதே அமெரிக்காவில், கிராஃப்ட்ஸ்மேன் என்னும் பழைய பெயர்பெற்ற கருவிகளை மீண்டும் உள்நாட்டிலேயே செய்வதாக 2019-இல் அறிவித்து, டெக்ஸாஸ் மாகாணத்தில் கட்டிய ஆலையை 2023-இல் மூட நேர்ந்தது. தானியங்கி யந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. விளம்பரமும் யந்திரமும் மட்டும் போதா. பதம் அறிந்த கைகள் வேண்டும் என்பதே இதில் நாம் காணும் பாடம். மேலும், 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்று தொலைந்தால் செட்டு முழுவதையும் வாங்கும்படி வைக்காமல், ஒவ்வொன்றையும் தனியாகக் கடையில் கிடைக்கச் செய்யுங்கள். வெடித்ததை வாதாடாமல் மாற்றிக் கொடுங்கள். வாடிக்கைக்காரரின் நம்பிக்கை இவ்விதமே பிறக்கும்.

தேசத்தின் போக்குவரத்து முழுவதும் பெயர் தெரியாத லக்ஷக்கணக்கான மெக்கானிக்குகளின் கைவன்மையால் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நம்பிப் பிடிக்கத்தக்க ஒரு கருவியை, செய்தவரின் பெயரும் ஊரும் ஒளிவுமறைவின்றிப் பொறித்து, நியாயமான விலைக்குக் கொடுப்பது நம்மால் ஆகாத காரியமன்று. தொழிலதிபர்களும் சர்க்காரும் இதைத் தத்தம் கடமையாக ஏற்றுச் செய்ய முன்வருவார்களாக.